சுவர், ஊசி, சாவி: மூளைக்குள் மருந்து போன வழி குறித்துச் சில குறிப்புகள்

மருத்துவ வரலாறு என்று நமக்குப் படிக்கக் கிடைப்பவற்றில் முக்கால்வாசி மெய்க்கீர்த்திகள்தான். எம்.ஏ. தமிழ் வகுப்பில் சோழர் மெய்க்கீர்த்திகளை மனப்பாடம் பண்ணியவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். இன்ன நாட்டைக் கொண்டான், இன்ன கோட்டையை அழித்தான், இன்ன யானையைப் பிடித்தான் என்று அடுக்கிக்கொண்டே போகும். வெட்டுப்பட்டவன் பேர் அதில் இருக்காது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நேரடியாக மருந்து செலுத்தும் முறையின் வரலாறும் இந்த நடையில்தான் எழுதப்பட்டு வருகிறது. மூளையைச் சுற்றி ஒரு சுவர் இருந்தது, விஞ்ஞானிகள் முற்றுகையிட்டார்கள், ஊசியாலும் குழாயாலும் பம்ப்பாலும் உள்ளே போனார்கள், மங்களம். நான் இங்கே செய்ய நினைப்பது சின்ன வேலை. உள்ளே போனவர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் உடம்பு வழியாகப் போனார்கள், போன பிறகு அந்த வாசலின் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்பது.

முதலில் சுவர். 1885ல் பெர்லினில் பால் எர்லிஷ் என்ற இளம் டாக்டர் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாவற்றிலும் சாயம் ஏறிற்று. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுத்தே கிடந்தன. மூளையில் அந்தச் சாயம் ஒட்டாது, அவ்வளவுதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். 1913ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீருக்குள் விட்டார். இப்போது மூளை நீலமாயிற்று, மற்ற உடம்பு வெளுப்பாக நின்றது. ஆக மூளைக்குச் சாயத்தோடு பகை இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒன்று மறிக்கிறது. மூளையின் ரத்தத் தந்துகிகளில் செல்கள் இடைவெளி இல்லாமல் இறுகப் பின்னிக் கிடப்பதுதான் அந்த மறிப்பு என்பது 1967ல் ரீஸ், கர்னோவ்ஸ்கி இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே தெளிவாயிற்று. சுவர் நல்லதுக்குத்தான் இருக்கிறது. விஷம் மூளைக்குப் போகாமல் காக்கிறது. ஆனால் அதற்கு விஷம், மருந்து என்ற பேதம் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. அதே எர்லிஷின் ஆய்வகத்திலிருந்துதான் 1910ல் மேகநோய்க்கான சால்வர்சான், அதாவது '606', சந்தைக்கு வந்தது. ஆர்செனிக் கலந்த மருந்து. ஆனால் மேகநோய்க் கிருமி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஏறிவிட்ட நோயாளிக்கு ரத்தத்தில் ஏற்றிய மருந்து போதவில்லை. தான் முதலில் கண்டு, கண்டும் சரியாகப் புரிந்துகொள்ளாத சுவரிலேயே அவர் மருந்து முட்டிக்கொண்டது! 1912ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்விஃப்ட், எல்லிஸ் இருவரும் சுற்றுவழி ஒன்று கண்டார்கள். நோயாளிக்குச் சால்வர்சானை ரத்தத்தில் ஏற்றுவது, பிறகு அவருடைய ரத்தத்தையே எடுத்து, அதில் தெளிந்து வரும் ஊநீரை அவர் முதுகுத்தண்டு வழியாக உள்ளே செலுத்துவது. 1940களில் பென்சிலின் வரும்வரை இது நடந்தது.

முதுகில் வாசல் அதற்கு முன்பே திறந்தாயிற்று. திறந்த விதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1885ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் லெனார்ட் கார்னிங் என்ற நரம்பு டாக்டர் ஒரு நாயின் முதுகுத்தண்டில் கோகெய்னை ஏற்றிப் பார்த்தார். அப்புறம் ஒரு மனிதரின் முதுகில். அந்த மனிதருக்கு என்ன நோய் என்று கேட்டால், முதுகுத்தண்டு பலவீனமும் விந்து ஒழுக்கும். 'நரம்புத் தளர்ச்சி' போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லாத ஊரில் வாழ்கிற நமக்கு இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. முதுகுக்குள் மருந்து விடும் முறையின் முதல் மனித உடம்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒழுக்கச் சொல்லாடல் 'நோய்' என்று பேர் சூட்டிய ஓர் உடம்பு. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1891ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஹைன்ரிஷ் குவிங்கே, தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு நீரை வடிக்க இடுப்புக்கு மேலே எலும்பு இடுக்கில் ஊசி குத்தும் முறையை ஒழுங்குபடுத்தினார். அது நீர் வெளியே வரும் வழி. வெளியே வரும் வழி உள்ளே போகும் வழியாக மாறியது அதே கீல் நகரத்தில், 1898 ஆகஸ்டில், ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் கையில்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், ரசித்துச் சொல்வார்கள். ஆகஸ்ட் 24ஆம் தேதி பியர் தன் முதுகைத் தன் உதவியாளர் ஹில்டெப்ராண்டிடம் காட்டுகிறார். ஊசியும் சிரிஞ்சும் பொருந்தவில்லை; தண்டுவட நீரும் கோகெய்னும் ஒழுகிப் போயின. உடனே ஹில்டெப்ராண்ட் தன் முதுகைக் காட்டுகிறார். இந்தத் தடவை சரியாகப் போயிற்று. கால் மரத்துப்போனதா என்று சோதிக்க பியர் செய்தவை: தொடையில் ஊசி குத்துதல், எரியும் சுருட்டால் சுடுதல், உரோமத்தைப் பிடித்து இழுத்தல், இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தல், விதைப்பையை நசுக்குதல். வலி இல்லை. முடிந்ததும் இருவரும் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டுப் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் தொடங்கியது வினை. பியருக்கு ஒன்பது நாள் தலைநோவு. ஹில்டெப்ராண்டுக்கு வாந்தி, தலைநோவு, காலெல்லாம் ரத்தக்கட்டு. பிற்பாடு ஹில்டெப்ராண்ட் பியரின் எதிர் முகாமுக்குப் போய்விட்டார். சுத்தியல் அடி வாங்கியவர் யார், அடித்தவர் யார், முறைக்கு யார் பேர் வந்தது என்று பார்த்தால் காரணம் புரியாமல் போகாது.

'தன்னையே சோதனைக்குத் தந்த தியாக விஞ்ஞானி' என்ற படிமத்துக்கு இந்தக் கதை ரொம்ப வசதி. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். பியர் முதன்முதலில் முதுகில் கோகெய்ன் ஏற்றியது ஆகஸ்ட் 16ஆம் தேதி. கணுக்காலில் காசநோய் புரையோடிய, முப்பத்து நாலு வயதுக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு. டாக்டர்களின் முதுகு அதற்கு எட்டு நாள் கழித்துத்தான் வருகிறது. முதலில் தொழிலாளி, பிறகு உதவியாளர். பியர் உடம்பில் மருந்து ஒழுங்காக ஏறவே இல்லை. மெய்க்கீர்த்தியில் வரிசை தலைகீழ்.

இரண்டு வருஷம் முன்னால், 1896ல், பாஸ்டனில் இன்னொன்று நடந்திருக்கிறது. ஆர்தர் வென்ட்வொர்த் என்ற குழந்தை மருத்துவர், இடுப்பில் ஊசி குத்துவது ஆபத்தா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக இருபத்தொன்பது குழந்தைகளுக்குக் குத்திப் பார்த்தார். சிகிச்சைக்காக இல்லை, பெற்றவர்களிடம் கேட்கவும் இல்லை. ஆபத்தில்லை என்று கட்டுரை எழுதினார். அவர் சொன்னது சரிதான். இன்றைக்கு உலகம் முழுக்க மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு அந்த ஊசி குத்தப்படுகிறது, பல உயிர்கள் பிழைக்கின்றன. உயிரோடு அறுத்துச் சோதிப்பதை எதிர்த்த இயக்கத்தார் அப்போதே கூச்சல் போட்டார்கள். கூச்சலுக்கு வந்த பதில் என்ன? பலன் கிடைத்ததே! எனக்கு உறைப்பது இந்தப் பதில்தான். அறிவு சரியாக இருப்பது, அது எடுக்கப்பட்ட வழியைக் கழுவி விடுகிறது.

ஃபூக்கோ 1963ல் வெளியிட்ட 'சிகிச்சையகத்தின் பிறப்பு' நூலில் மருத்துவப் 'பார்வை' பற்றிப் பேசினார். நம் நண்பர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பு, கண்காணிப்பு, அதிகாரம் என்று நிறைய எழுதிவிட்டோம். முதுகு ஊசியின் விஷயத்தில் 'பார்வை' போதாது என்று படுகிறது. இங்கே அதிகாரம் பார்ப்பதோடு நிற்கவில்லை. நுழைகிறது, எதையாவது விட்டுவிட்டு வருகிறது. விட்டுவிட்டு வந்ததற்கு யார் பொறுப்பு என்பது பார்வைக் கோட்பாட்டில் இல்லாத கேள்வி.

அந்தக் கேள்வி கோர்ட்டுக்கே வந்தது. 1947 அக்டோபர் 13. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் ஊர் ஆஸ்பத்திரி. ஆல்பர்ட் வூலி, செசில் ரோ என்று இரண்டு நடுவயதுத் தொழிலாளிகள். இருவருக்கும் சின்ன ஆபரேஷன். ஒரே நாளில் இருவருக்கும் முதுகில் மரப்பு ஊசி. இருவரும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாக முடங்கிப் போனார்கள். மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்க ஃபீனால் கரைசலில் ஊறப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியாக ஃபீனால் உள்ளே கசிந்திருக்கும் என்று கோர்ட்டில் வாதம். (பிற்கால ஆய்வாளர்கள் சிலர், கருவிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உப்புப் படிவை நீக்கப் போட்ட அமிலம்தான் காரணம் என்றார்கள்.) 1954ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இப்படிப்பட்ட விரிசல் பற்றி 1947ல் யாருக்கும் தெரியாது, 1954ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1947ஐப் பார்க்கக் கூடாது. நீதிபதி டென்னிங் பிரபு. நஷ்ட ஈடு இல்லை.

தர்க்கப்படி தீர்ப்பில் குற்றம் சொல்வது கஷ்டம். தெரியாத ஆபத்துக்கு டாக்டர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் இந்தத் தர்க்கத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். அறியாமைக்கு விலை உண்டு, அதை இரண்டு கூலிக்காரர்கள் கால்களால் கட்டினார்கள். அந்த விலையில் வாங்கிய அறிவு மருத்துவத்துக்குப் போயிற்று. இந்த வழக்குக்குப் பிறகு பிரிட்டனில் முதுகு மரப்பு ஊசி பல வருஷம் பயத்தோடு ஒதுக்கப்பட்டது. நம் ஊரில் 'முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேர்ந்து முதுகுவலி' என்று சிசேரியன் ஆன பெண்கள் சொல்வதைக் கேட்டால் படித்தவர்கள் சிரிக்கிறோம். நீடித்த முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்றுதான் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன; மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் இருப்பது வெறும் அறியாமை இல்லை. தன்னால் பார்க்க முடியாத தன் முதுகுக்குள், தன்னிடம் விளக்கிச் சொல்லாமல் ஒன்று விடப்பட்டது என்ற நினைவு இருக்கிறது. இங்கிலாந்து டாக்டர்களின் பயத்துக்கு 'எச்சரிக்கை' என்று பேர். நம்ம வீட்டுப் பெண்களின் பயத்துக்கு 'மூடநம்பிக்கை' என்று பேர்.

அடுத்த கட்டம் வேகமானது. ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாம், வாசலையே உடம்புக்குள் பதித்துவிடலாம் என்று யோசித்தார்கள். 1963ல் அமெரிக்காவில், பாகிஸ்தானிலிருந்து போன ஆயூப் ஓமாயா என்ற மூளை அறுவை மருத்துவர் தலைத்தோலுக்கு அடியில் சின்னச் சிலிக்கோன் குமிழைப் பதித்து, அதிலிருந்து மூளையின் நீரறைக்குக் குழாய் விட்டார். 1984ல் சிகாகோவில் பென், குரோய்ன் இருவரும் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் விறைத்து இழுக்கும் நோயாளிகளுக்கு பேக்லோஃபென் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்டுவட நீருக்குள் விடும் பம்ப்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்துகிற மருந்து, நேரடியாகப் போகும்போது மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது. நல்ல பலன், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பம்ப்பை நிரப்பியாக வேண்டும். திடீரென்று நின்றுபோனால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிரே போகலாம். உடம்புக்குள் இருக்கும் பொருளுக்கு வெளியே ஒருவர் நிரந்தரமாகத் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் ஒரு நாள் 'இனி மருந்து இல்லை' என்றால்?

2004ல் அப்படித்தான் நடந்தது. ஜி.டி.என்.எஃப். என்ற புரதம் 1993ல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்கின்சன் நோயில் செத்துக்கொண்டிருக்கும் நரம்புச் செல்களைத் தேற்றும் என்று நம்பினார்கள். சுவரைத் தாண்டாத புரதம். ஆகவே மண்டையைத் துளைத்து, மூளையின் உள்ளே, 'புடாமென்' என்கிற பகுதிக்கே குழாய் விட்டு, வயிற்றில் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டும். 2003ல் பிரிஸ்டல் நகரத்தில் ஸ்டீவன் கில் குழுவினர் ஐந்து பேருக்குச் செய்து, நடமாட்டம் நன்றாகத் தேறியதாக எழுதினார்கள். மருந்தின் உரிமையாளரான ஆம்ஜென் கம்பெனி முப்பத்து நாலு பேரை வைத்துப் பெரிய சோதனை நடத்தியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் நீர். குழாயும் பம்ப்பும் எல்லாருக்கும். ஆறு மாதத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நிரூபிக்கத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடிவு. அப்புறம் குரங்குகளில் சிறுமூளை சேதம், சில நோயாளிகளிடம் எதிர்ப்புப் புரதம். 2004 செப்டம்பரில் கம்பெனி எல்லாருக்கும் மருந்தை நிறுத்தியது.

நோயாளிகள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தேறியது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது, நடக்க முடிகிறது, ஆபத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், மருந்தைத் தொடருங்கள் என்றார்கள். கருணை அடிப்படையில் தொடர்வதானால் தொடரலாம், கம்பெனியின் விருப்பம் என்று அரசின் மருந்துத் துறையும் சொல்லிவிட்டது. கம்பெனி மறுத்தது. நியூயார்க்கிலும் கெண்டக்கியிலும் நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். 2005ல் இரண்டு கோர்ட்டும் கம்பெனி பக்கம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியவை பல்கலைக்கழகங்கள். கம்பெனி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. தவிர, சோதனையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. 2006ல் கெண்டக்கி மேல்முறையீடும் தோற்றது.

மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதில் நான் கட்சி கட்ட வரவில்லை. பிரிஸ்டலில் சோதனைக்குட்பட்டவர்களில் ஒருவர் வேறு காரணத்தால் இறந்தபோது, மருந்து போன பக்கத்தில் நரம்பு இழைகள் புதிதாகத் துளிர்த்திருந்ததைப் பிணப் பரிசோதனையில் கண்டு 2005ல் எழுதினார்கள். அதே பிரிஸ்டலில் நாற்பத்தொரு பேரை வைத்து நடத்திய அடுத்த சோதனையின் முடிவு 2019ல் வந்தது. படங்களில் மாற்றம் தெரிந்தது, ஆனால் முன்கூட்டி வகுத்த இலக்கை எட்டவில்லை. சந்தேகம் நியாயமான சந்தேகம்தான். தேறியதாக நம்புகிற மனம் உடம்பையும் கொஞ்சம் தேற்றும் என்பதும் உண்மை. என் கேள்வி வேறே. 'ஒப்புதல்' என்ற சொல்லை வென்ட்வொர்த் காலத்துக்கு எதிராகப் போராடிப் பெற்றோம். பெற்றவர்களைக் கேட்காமல் குத்தக் கூடாது, நோயாளி கையெழுத்தில்லாமல் தொடக் கூடாது. நூறு வருஷம் கழித்து அந்தக் கையெழுத்தே நோயாளிக்கு எதிரான சாட்சியாகக் கோர்ட்டில் வந்து நிற்கிறது. உள்ளே வர அனுமதி தரும் உரிமை நோயாளிக்கு. போகாதே என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. மண்டையில் துளை அவருடையது, பம்ப் கிடப்பது அவர் வயிற்றில், சாவி கலிஃபோர்னியாவில்.

கடைசியாகக் குழந்தைகள். தண்டுவடத் தசைச்சிதைவு நோயில் ஒரு மரபணு பழுது. அதற்கு மாற்றாக உடம்பில் இருக்கும் இன்னொரு மரபணுவைப் படியெடுக்கும்போது ஒரு துண்டு விடுபட்டுப் போகிறது. ஏடெழுதுவோர் ஒரு வரியைத் தாண்டி எழுதிவிடுவார்களே, அது மாதிரி. அந்தப் பிழையைத் திருத்தும் வழியின் திறவுகோல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங் குழுவினர் 2006ல் கண்டது. மருந்தாக வளர்த்தவர்கள் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து ஏட்ரியன் கிரைனரும் அயோனிஸ் கம்பெனியும். (1910 முதல் 1939 வரை அமெரிக்க இனமேம்பாட்டுப் பதிவகம் இருந்த அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்தான். 'பழுதான' பரம்பரைகளைப் பட்டியல் போட்ட இடம்.) ஆய்வில் அரசுப் பணம் இருந்தது, நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்கள் திரட்டிய பணமும் இருந்தது. மருந்தின் பேர் நுசினெர்சென். இதுவும் சுவரைத் தாண்டாது, முதுகு வழியாகத்தான். நூற்று இருபத்திரண்டு கைக்குழந்தைகளைச் சோதனையில் சேர்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்து இல்லை, முதுகில் ஒரு சின்னக் குத்து, மேலே பிளாஸ்திரி. பெற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதே. பலன் தெளிவாகத் தெரிந்ததும் பாதியில் சோதனையை நிறுத்தி, பிழைத்திருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து தரும் ஏற்பாடு செய்தார்கள். வென்ட்வொர்த் காலத்திலிருந்து நாம் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம்தான்.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. ஒரு ஊசி 1,25,000 டாலர். முதல் வருஷம் ஆறு ஊசி, 7,50,000 டாலர். பிறகு ஆயுள் முழுக்க வருஷத்துக்கு 3,75,000. அதே நோய்க்கு ஒரே தடவை ரத்தத்தில் ஏற்றும் மரபணு மருந்துக்காக 2021ல் தமிழ்நாட்டிலேயே பெற்றோர் தெருவில் இறங்கிப் பதினாறு கோடி ரூபாய் திரட்ட வேண்டியிருந்தது. இந்திய அரசின் அரிய நோய்க் கொள்கை தரும் உச்ச உதவி ஒரு நோயாளிக்கு ஐம்பது லட்சம்.

2020ல் ஊசியே வேண்டாத மருந்து வந்தது, ரிஸ்டிப்லாம். வாயால் குடிக்கலாம், எர்லிஷின் சுவரைத் தானே தாண்டிப் போகிறது. கோகெய்ன், சுத்தியல், குமிழ், பம்ப் எதுவும் தேவையில்லை. மறித்து நின்றது பேட்டன்ட். ரோஷ் கம்பெனியின் மருந்து இந்தியாவில் ஒரு பாட்டில் சுமார் ஆறு லட்சம். ஹைதராபாத்தின் நாட்கோ அதைச் செய்யப் புறப்பட்டபோது ரோஷ் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும், பின்னாலேயே உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தன. நோயாளிகள் தரப்பிலிருந்தும் இதற்காக விடாமல் போராடியிருக்கிறார்கள். நாட்கோ அறிவித்த விலை பாட்டிலுக்கு 15,900 ரூபாய். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவருக்கு ஒரு பாட்டில் பன்னிரண்டு நாள் வரும். மாதத்துக்கு இரண்டரை பாட்டில், ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய்.